சென்ட்ரல் ஏசி கரண்ட் பில்லை குறைக்க சின்ன டைமர் வேலை
ஆபீஸ் மூடுறது ஆறு மணின்னா ஏசிக்கான தண்ணியை ஜில்லுன்னு ஆக்குற சில்லர் மெஷின் அஞ்சரைக்கே ஆஃப் ஆகுற மாதிரி பிஎம்எஸ்ல (பில்டிங் மெஷின்களை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் சிஸ்டம்) ஷெட்யூல் போட்டுடுங்க, தண்ணி பம்பும், குளிர்காத்தை ரூமுக்குத் தள்ளுற ஏஹெச்யூ ஃபேனும் மட்டும் ஆறு வரைக்கும் ஓடட்டும். கரண்டை அதிகமா இழுக்குறதே சில்லருக்குள்ள இருக்குற கம்ப்ரசர்தான், அது நின்னாலும் பைப்புல சுத்துற தண்ணி கொஞ்ச நேரம் ஜில்லுன்னுதான் இருக்கும், சுவரும் தரையும் உடனே சூடாகாது, அதனால உள்ள இருக்குறவங்களுக்கு பெருசா வித்தியாசமே தெரியாது. பாதிப்பேர் அந்நேரம் பையைத் தூக்கிட்டு கிளம்பிட்டு இருப்பாங்க, அது வேற.

ஆனா பாண்டிச்சேரி, கடலூர் மாதிரி கடலோர ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழையில இது சரிவராது, கம்ப்ரசர் நின்னுட்டு ஃபேன் மட்டும் ஓடுனா ஏஹெச்யூக்குள்ள குளிர்ந்த தண்ணி ஓடுற குழாய்ல, அதாவது காயில்ல, நிக்கிற ஈரம் திரும்ப ரூமுக்குள்ளயே வந்து புழுங்க ஆரம்பிச்சிடும், அப்போ பத்து நிமிஷம் முன்னாடி நிறுத்தினா போதும். மேற்கு வெயில் நேரா அடிக்கிற கண்ணாடி பில்டிங்லயும் அரை மணி தாங்காது, குறைச்சு வச்சுப் பாருங்க. சர்வர் ரூம், ஆபரேஷன் தியேட்டர், மருந்து ஸ்டோர் இருந்தா அந்த லைன் பக்கமே போகாதீங்க. வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில குளிர்ந்த தண்ணியே சுத்தாது, அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.