டயப்பர் அணியும் குழந்தையுடன் சொகுசுக் கப்பல் பயணம்: நீச்சல் குளச் சுகாதாரமும் நடைமுறையும்

நடை பழகும் வயதுக் குழந்தையுடன் சொகுசுக் கப்பலில் ஏறும் பெற்றோர் பலர், மேல்தளத்து நீச்சல் குளத்தருகே நிற்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகுதான், டயப்பர் அணியும் குழந்தைகள் அந்தக் குளத்தில் இறங்க அனுமதி இல்லை என்பதை அறிகிறார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் அதே விதிதான். குழந்தை நீச்சலுடையில் துள்ளிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் இதை அறிவது பெற்றோருக்கும் வருத்தம், குழந்தைக்கும் ஏமாற்றம். பயணத்துக்கு முன்பே திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம். முதன்முறையாகச் செல்லும் பெற்றோருக்காக, பயணச்சீட்டு எடுப்பது முதல் கப்பலில் குழந்தைக்கு வயிறு கெட்டால் செய்ய வேண்டியது வரை வரிசையாக எழுதுகிறேன்.

விதி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது?

குளோரின் கலந்த நீரில் கிருமிகள் உடனே செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எல்லாக் கிருமிகளுக்கும் அது பொருந்தாது. பத்து லட்சம் பங்கு நீருக்கு 1 பங்கு குளோரின், 7.5 பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) என்று சரியாகப் பராமரிக்கப்படும் நீரில், ஈ. கோலை ஓ157 பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது. ஹெப்படைடிஸ் ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடங்களும், ஜியார்டியா ஒட்டுண்ணிக்குச் சுமார் 45 நிமிடங்களும் ஆகின்றன. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியோ, தடித்த ஓட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பதால், அதே நீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அந்த நீரில் ஒரு மிடறு உள்ளே போனாலே நோய் தொற்றக்கூடும். விளையாடும்போது அதிகமாக நீரை விழுங்குபவர்களும் சின்னக் குழந்தைகள்தாம். ஆகவே இந்த விதி முதலில் காப்பது உங்கள் குழந்தையைத்தான்.

கப்பலுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. கப்பலின் குளங்கள் பெரும்பாலும் சிறியவை. கடலில் செல்லும் நாட்களில் அவற்றில் இறங்குவோரோ மிகப் பலர். நீர் குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருக்குமிடத்தில், ஒரே ஒரு டயப்பரிலிருந்து கசிவது கூடப் பலரைச் சென்றடையும். அவர்கள் அனைவரும் அடுத்த சில நாட்களுக்கு ஒரே கப்பலில் ஒரே உணவுக்கூடத்தையும் படிக்கட்டுக் கைப்பிடிகளையும் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி, 1970களிலிருந்து கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளுடன் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கும் அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் அதன் கீழ் வருகின்றன. டயப்பர் அணியும் குழந்தைகளையும், கழிப்பறைப் பழக்கம் முழுமையாக வராத குழந்தைகளையும் பொதுக் குளங்களில் அனுமதிக்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. அதற்கென்றே வடிவமைத்த, மழலையருக்கு மட்டுமான நீர் விளையாட்டுப் பகுதி மட்டுமே விதிவிலக்கு. குளத்தருகே நிற்கும் பணியாளரிடம் கெஞ்சியோ வாதாடியோ பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். அந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

படி 1: பயணச்சீட்டு எடுக்கும் முன் கப்பலை விசாரியுங்கள்

நிறுவனத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், குறிப்பிட்ட கப்பலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு கப்பலில் மழலையர் நீர்ப் பகுதி இருக்கும், மற்றொன்றில் இருக்காது. டிஸ்னி ட்ரீம் கப்பலில் உள்ள ‘நீமோஸ் ரீஃப்’, ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் உள்ள ‘பேபி பே’ ஆகியவை சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக அமைந்தவை. கார்னிவல் நிறுவனமோ நீச்சல் டயப்பர் உட்பட எந்த டயப்பரையும் தன் குளங்களில் அனுமதிப்பதில்லை.

நிறுவனத்திடம் கேட்கும்போது, “குழந்தைகளுக்குக் குளம் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால், “இருக்கிறது” என்றே பதில் வரும். வண்ணச் சறுக்குகளும் கொட்டும் வாளிகளும் கொண்ட அந்தப் பகுதி பெரும்பாலும் டயப்பரை விட்டுவிட்ட குழந்தைகளுக்கானது. “நீச்சல் டயப்பர் அணிந்த குழந்தை இறங்கக்கூடிய இடம் இந்தக் கப்பலில் உண்டா? எந்தத் தளத்தில்? எந்த நேரங்களில் திறந்திருக்கும்?” என்று பிரித்துக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். குழந்தையின் வயதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பல நிறுவனங்கள் 6 மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்றுகின்றன. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன சிடிசி திட்டத்தின் கீழ் வரும் கப்பல்களின் ஆய்வு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. நூற்றுக்கு 86 அல்லது அதற்கு மேல் பெற்றால் தேர்ச்சி. மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், குளங்களைப் பற்றிய குறைகள் ஏதேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் படித்துப் பாருங்கள்.

படி 2: நீச்சல் டயப்பரின் வேலையைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்

சாதாரண டயப்பர் ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்டது. அதைத் தண்ணீரில் இறக்கினால், சில நிமிடங்களில் குளத்து நீரையே உறிஞ்சி, குழந்தையின் இடுப்பிலிருந்து நழுவும் அளவுக்குக் கனத்துவிடும். உள்ளிருக்கும் கூழ்மணிகள் பிதுங்கி நீரில் சிதறவும் கூடும். நீச்சல் டயப்பரில் அந்த உறிஞ்சும் பொருள் இல்லை. அதனால் அது சிறுநீரைத் தாங்காது. கெட்டியான மலத்தை ஓரளவு பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. நீர்த்த மலம் வெளியேறுவதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது. “நீச்சல் டயப்பர் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை” என்ற எண்ணம்தான் கப்பல் குளங்களில் நடக்கும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் என்பது என் கருத்து.

ஒருமுறை பயன்படுத்தி எறிவது, துவைத்துப் பயன்படுத்தும் துணி வகை என இரண்டு விதம் உண்டு. எறியும் வகையை உள்ளேயும், துணி வகையை அதன்மேலும் அணிவிப்பது நல்ல ஏற்பாடு. அளவைப் பார்க்க எளிய வழி: அணிவித்த பிறகு, தொடையைச் சுற்றியுள்ள விளிம்பினுள் உங்கள் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். விரல் சற்றே இறுக்கமாக நுழைந்தால் அளவு சரி. தாராளமாகச் சுழன்றால் ஒரு அளவு சிறியதை வாங்க வேண்டும். குழந்தையைக் குந்த வைத்து, அப்போதும் விளிம்பு தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும்போது பொருந்தும் டயப்பர் உட்காரும்போது வாய் திறப்பது உண்டு.

நீரில் இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது இரண்டு நீச்சல் டயப்பர்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். கப்பல் கடையில் உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

படி 3: இறங்குவதற்கு முன்

இரண்டு நாட்களாகக் குழந்தையின் வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். சிறிதளவு இளகிப் போயிருந்தாலும் அன்று நீர் விளையாட்டு வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை.

வயிறு சரியாக இருந்தால், டயப்பரைக் கழற்றி, சோப்பும் நீரும் கொண்டு பின்புறத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்தாலும், சராசரியாக ஒருவரின் பின்புறத்தில் 0.14 கிராம் மலம் ஒட்டியிருக்கும் என்பது சிடிசி மேற்கோள் காட்டும் கணக்கு. பிறகு உடல் முழுவதும் ஒரு நிமிடம் குளிப்பாட்டுங்கள். அந்த ஒரு நிமிடக் குளியலே வியர்வை, களிம்பு, அழுக்கு ஆகியவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடும். இவையும் சிறுநீரும் குளத்தின் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் என்னும் பொருளாக மாறுகின்றன. குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும், கண் சிவப்புக்கும் அதுவே காரணம். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. குழந்தையோடு இறங்கும் பெரியவரும் குளித்துவிட்டே இறங்க வேண்டும்.

நீச்சல் டயப்பரைக் குளத்துக்குப் புறப்படும் கடைசி நேரத்தில் மாட்டுங்கள். அது சிறுநீரைத் தாங்காது என்பதால், அறையிலேயே மாட்டி மின்தூக்கியிலும் உணவுக்கூடத்திலும் நடக்க வைத்தால் வழியெல்லாம் நனையும்.

படி 4: நீரில் இருக்கும்போது

கைக்கெட்டும் தூரத்தைவிட்டு ஒரு கணமும் விலகாதீர்கள். எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. இருந்தாலும் அவர் உங்கள் கண்களுக்கு மாற்று அல்ல. முழங்கால் அளவு நீரிலும் சின்னக் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிவிடும்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தையை வெளியே எடுத்து டயப்பரைப் பாருங்கள். தரையிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரைகளின்மேல் உட்காருவது குழந்தைகளுக்கு மிகப் பிடிக்கும்; அந்த விசை டயப்பருக்குள் புகுந்து உள்ளிருப்பதை வெளியே கழுவிவிடும் என்பதால், அங்கே உட்கார விடாதீர்கள். நீரைக் குடிக்காமல் துப்பச் சொல்லிப் பழக்குங்கள். வெந்நீர்த் தொட்டிக்குள் மடியில் வைத்துக்கொண்டுகூட இறங்காதீர்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் விரைவாகச் சூடேறிவிடும்.

மழலையர் பகுதி டயப்பர் அணியும் குழந்தைகளுக்கு மட்டுமானது. டயப்பரை விட்டுவிட்ட மூத்த பிள்ளை, “தம்பியோடு நானும்” என்று அடம் பிடித்தாலும், அவனுக்கு உரிய இடம் பக்கத்துக் குளம்தான். இரண்டு பிள்ளைகளும் இரண்டு இடத்தில் என்றால், கூட வந்த பெரியவர்கள் முன்கூட்டியே ஆளுக்கொருவராகப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

டயப்பரை விடும் பருவத்தில், பகலில் சொல்லிப் போகிறது, எப்போதாவது தவறிவிடுகிறது என்ற நிலையில் உள்ள குழந்தைதான் பெற்றோருக்குக் குழப்பம் தருகிறது. ‘முழுமையாக’ என்று விதி சொல்லும்போது, அந்தக் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்காமல் இருப்பதே நேர்மை. புதிய இடமும் குளிர்ந்த நீரும் விளையாட்டு மும்முரமும் சேர்ந்தால், வீட்டில் தவறாத குழந்தையும் இங்கே தவறும்.

படி 5: மாற்றுவதும் அப்புறப்படுத்துவதும்

குளத்தருகே உள்ள சாய்வு நாற்காலியில் வைத்து டயப்பர் மாற்றுவது, இந்த விஷயத்தில் மற்றப் பயணிகளை மிகவும் சங்கடப்படுத்தும் செயல். அடுத்து அதில் துண்டு விரித்துப் படுப்பவருக்கு எதுவும் தெரியாது. கிருமி நாற்காலியிலிருந்து கைக்கும், கையிலிருந்து குளத்துக்கும் போய்ச் சேரும். மாற்றுவதற்கென்று உள்ள மேசைக்கோ உங்கள் அறைக்கோ செல்லுங்கள். நனைந்த எறியும் டயப்பரைக் கால் வழியே கீழிழுத்தால் தொடையெல்லாம் பூசிக்கொள்ளும். இரு பக்கத் தையலையும் கிழித்து, முன்னிருந்து பின்னாக மடித்து எடுங்கள். உறையில் போட்டு இறுக முடிந்து குப்பைக்கூடையில் சேர்த்த பின், உங்கள் கைகளையும் குழந்தையின் கைகளையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி, கப்பல்களில் அதிகம் பரவும் நோரோவைரஸுக்குக் கைச் சுத்திகரிப்புத் திரவம் சரியான மாற்று அல்ல.

துணி டயப்பரைக் குளத்தோரக் குழாயில் அலசக் கூடாது. கெட்டியானதை அறைக் கழிப்பறையில் தட்டிவிட்ட பிறகே அலசுங்கள். கப்பலின் கழிப்பறைகள் வெற்றிட விசையால் இழுக்கும் வகை. எறியும் டயப்பரையோ ஈரத் துடைப்பானையோ அதில் போட்டால், உங்கள் அறையோடு நிற்காமல் பக்கத்து அறைகளின் கழிப்பறைகளும் அடைத்துக்கொள்ளும்.

படி 6: குழந்தை நீரில் மலம் கழித்துவிட்டால்

குழந்தையை உடனே தூக்கி வெளியே வாருங்கள். அருகில் உள்ளவர்களையும் வெளியேறச் சொல்லிவிட்டு, பணியாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கெட்டியா, நீர்த்ததா என்பதையும் சொல்வது அவசியம், ஏனெனில் சுத்திகரிப்பு அதைப் பொறுத்தே அமைகிறது. பொதுக் குளங்களுக்குச் சிடிசி தரும் வழிமுறையில், கெட்டியானதென்றால் குளோரினை பத்து லட்சத்துக்கு 2 பங்காக உயர்த்தி அரை மணி நேரம் போல் வைத்திருந்தால் போதும். நீர்த்ததென்றால், கிரிப்டோஸ்போரிடியத்தைக் கருதி, 20 பங்காக உயர்த்தி 12 மணி 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும். நீங்களே கையால் அள்ளி எறிந்துவிட்டு நகர்ந்தால், கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே போயிருக்கும். குளம் மூடப்படுவதால் சிலர் முகம் சுளிக்கக்கூடும்; சொன்னவரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

வேறொரு பெற்றோர் விதியை மீறுவதைக் கண்டால், நேரடியாகக் கண்டிப்பதைவிடப் பணியாளரிடம் தாழ்ந்த குரலில் தெரிவிப்பது நல்லது. பலருக்கு விதியே தெரிந்திருக்காது.

படி 7: இடமே இல்லாத கப்பலில்

குழந்தைக்குத் தேவை நீர். அது குளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான அறைகளில் குளியல் தொட்டி இல்லாததால், காற்றடைத்து விரிக்கும் சிறிய குளியல் தொட்டியை எடுத்துச் செல்லலாமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அனுமதித்தால், அறைக் குளியலிடத்தில் கோப்பைகளோடு உட்கார வைத்தால் மணிக்கணக்கில் விளையாடும். கரையிறங்கும் நாட்களில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கும் நீச்சல் டயப்பர் வேண்டும், மேற்பார்வையும் அதேபோல வேண்டும்.

படி 8: பயணத்தின்போது வயிற்றுப்போக்கு வந்தால்

கப்பலின் மருத்துவ நிலையத்துக்கு உடனே தெரிவியுங்கள். சில நாட்கள் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு நீரிழப்பு வேகமாக முற்றும் என்பதால், மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பது குழந்தைக்கே ஆபத்து. தெளிந்த பிறகும் மீண்டும் நீரில் இறக்குவது குறித்து மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்று உறுதியானால், வயிற்றுப்போக்கு முற்றிலும் நின்ற நாளிலிருந்து இரண்டு வாரங்கள், ஊர் திரும்பிய பிறகும், எந்தக் குளத்திலும் குழந்தையை இறக்கக் கூடாது.