மிட்சம்மருக்கு ஸ்டாக்ஹோம்: வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்காமல் சுற்றிப் பார்க்க

மிட்சம்மர் என்பது ஸ்வீடனின் நடுக்கோடைத் திருவிழா. ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கும் என்று நம்பித்தான் முதல் தடவை ஸ்டாக்ஹோம் போனேன். வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்கினால் கடைவீதியில் ஈ, காக்கை இல்லை. திறந்திருந்த ஒரு பெட்டிக்கடையில் வாழைப்பழமும் சிப்ஸும் வாங்கி அன்றைய இரவை ஓட்டினேன். ஸ்வீடன்காரர்களுக்கு மிட்சம்மர் என்பது நகரத்தை விட்டுக் கிளம்புகிற நாள். தீவிலோ கிராமத்திலோ இருக்கிற கோடை வீட்டுக்குப் போய்விடுவார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் நமக்கு லாபம்தான்: நகரம் நம் கைக்கு வந்துவிடும்.

படி 1: தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

ஜூன் 21 என்று கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள். 1953 முதல் ஸ்வீடனில் மிட்சம்மர் வாரக்கடைசிக்கு மாறிவிட்டது. ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வருகிற வெள்ளிக்கிழமைதான் மிட்சம்மர் ஈவ். 2026இல் அது ஜூன் 19, 2027இல் ஜூன் 25. மறுநாள் சனிக்கிழமை அரசு விடுமுறை என்றாலும் ஆட்டம் பாட்டம் எல்லாம் வெள்ளியன்றுதான். புதன்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு, அதனால் ஆறப்போடாதீர்கள்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஆர்லாண்டா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டர் தொலைவில். ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் ரயில் 20 நிமிடத்துக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும், ஆனால் விலை கண்ணைக் கட்டும். அவசரம் இல்லையென்றால் 583ஆம் எண் பஸ்ஸில் மார்ஷ்டா ரயில் நிலையம் போய், அங்கிருந்து புறநகர் ரயில் பிடியுங்கள். மிகச் சிக்கனமான வழி இதுதான்.

க்ரோனா நோட்டு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டாம். காபிக் கடையில்கூட "கேஷ் வாங்குவதில்லை" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிற கார்டு ஒன்று போதும். மெட்ரோ நுழைவாயிலில் அதையே தட்டிவிட்டு உள்ளே போகலாம். மூன்று நாளாவது இருப்பீர்களென்றால் 72 மணி நேர டிக்கெட் வாங்கிவிடுங்கள். மெட்ரோ, பஸ், டிராம், யூர்கார்டன் தீவுக்குப் போகிற படகு எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும்.

படி 3: வியாழக்கிழமை மாலைக்குள் மளிகை

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். வெள்ளியன்று சூப்பர் மார்க்கெட்டுகள் பல சீக்கிரமே மூடிவிடும், உணவகங்களில் பலவற்றுக்குக் கதவே திறக்காது. மது விற்கிற அரசுக் கடையான சிஸ்டம்போலாகெட் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூடியிருக்கும். வியாழனன்று அங்கே நிற்கிற வரிசையே ஒரு வேடிக்கை.

ஊர்க்காரர்கள் கூடையில் என்ன இருக்கிறதோ அதையே வாங்குங்கள்: புது உருளைக்கிழங்கு, சோயிக்கீரை, புளித்த கிரீம், ஸ்ட்ராபெர்ரி. இவற்றோடு ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சேர்ந்தால் மிட்சம்மர் சாப்பாடு. அந்த மீன் ஊறுகாய் இனிக்கும்; எனக்கு ஒத்துவரவில்லை. சைவக்காரர்களுக்கு மீதி போதும். தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண் செலவு, குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம்.

படி 4: வெள்ளிக்கிழமை பகலில் ஸ்கான்சன்

நகரத்துக்குள்ளேயே விழா பார்க்க வேண்டுமென்றால் யூர்கார்டன் தீவில் இருக்கிற ஸ்கான்சன்தான். ஆர்தூர் ஹாசீலியுஸ் 1891இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் இது. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டு, ஸ்லுசனிலிருந்து 82ஆம் எண் படகில் போங்கள். காலையிலேயே போனால் இலையும் பூவும் சேர்த்துத் தலைக்கு வளையம் கட்டுவதைப் பார்க்கலாம், கூட உட்கார்ந்து கட்டவும் செய்யலாம். பிறகு இலையும் பூவும் சுற்றிய மிட்சம்மர் கம்பத்தை நிமிர்த்துவார்கள். அதைச் சுற்றிப் பெரியவர்களும் தவளைபோலக் குந்திக் குந்திக் குதிப்பார்கள். வெட்கப்படாமல் வட்டத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

மழைக்கோட்டு மறக்க வேண்டாம். மிட்சம்மர் என்றால் மழை என்று அவர்களே கேலி பேசுகிறவர்கள்.

படி 5: இரவை வீணாக்காதீர்கள்

சூரியன் இரவு 10 மணியைத் தாண்டித்தான் மறையும், அதிகாலை மூன்றரைக்கெல்லாம் திரும்ப வந்துவிடும். நடுவில் முழு இருட்டே கிடையாது. சூரியன் மறைவது மேற்கில் இல்லை, வடமேற்கில், உதிப்பது வடகிழக்கில். அதனால் இரவு முழுவதும் வடக்குத் தொடுவானத்தில் ஒரு வெளிச்சம் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இதைப் பார்க்க வடக்கு நோக்கிய மேடு வேண்டும். சோடர்மால்ம் பகுதியில் பாறை விளிம்பை ஒட்டிப் போகிற மொன்டேலியுஸ் பாதைக்கு 11 மணி சுமாருக்குப் போய் உட்காருங்கள். கீழே ஏரி, எதிரே 106 மீட்டர் கோபுரத்தோடு நகர மண்டபம். அந்த மண்டபத்தைத் திறந்து வைத்ததும் ஒரு மிட்சம்மர் ஈவ் அன்றுதான், 1923இல். ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், குளிரும்.

அறைக்குத் திரும்பித் தூங்க கண் மறைப்பு அவசியம். திரைச்சீலையை நம்ப வேண்டாம்.

படி 6: சனிக்கிழமை ஒரு தீவு

காலையில் ஸ்ட்ரோம்காயன் துறையிலிருந்து வாக்ஸ்ஹோல்ம் என்கிற தீவு ஊருக்குப் படகு பிடியுங்கள். புல்லில் உட்கார்ந்தீர்களென்றால் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உண்ணி கடித்தால் நோய் தொற்றலாம். ஒட்டியிருந்தால் முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். தீவுப் பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள். கோடை வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அன்று மாலைதான் திரும்புவார்கள்.