அகில் கட்டை வாங்கும்போது

துபாய் தேரா சந்தையில் ஊது, அதாவது அகில் கட்டை வாங்கப் போகிறீர்களா? கருப்பாக இருப்பதெல்லாம் நல்ல கட்டை என்று நம்பிவிடாதீர்கள், சாயம் பூசியும் விற்கிறார்கள். ஒரு சில்லை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் வேண்டாம். மரம் காயப்பட்டுப் பூஞ்சை பிடித்த இடத்தில்தான் மணம் தரும் கரும்பிசின் ஊறும். அதனால் உண்மையான கட்டையை உடைத்தால் கரும்பழுப்புக் கோடுகள் உள்ளே வரை ஓடும்.

அப்புறம், ஒரு துணுக்கைக் கனலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம், விலை அப்படி! விளிம்பில் பிசின் நுரைத்துக் கொதிக்க வேண்டும். விறகுப் புகை போலக் கண் எரிந்தால் நடையைக் கட்டுங்கள். வீட்டில் புகை போடும்போது கரி நன்றாகச் சாம்பல் பூத்த பிறகே கட்டையை வையுங்கள். சூடு மிஞ்சினால் கருகல் வாடைதான் வரும்.