இரட்டை அலைவரிசை ஆக்சஸ் பாயிண்ட்: இரண்டு ரேடியோவையும் சரியாக அமைப்பது எப்படி?

ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) மாட்டும்போது நான் முதலில் விளக்குவது இதைத்தான்: இன்று வரும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸிலும் மற்றது 5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அதனால் அமைப்புகளையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளை, அதாவது ஆன்டெனாக்களை, எண்ணி ரேடியோக்களைக் கணக்கிட முடியாது. பல பெட்டிகளில் ஒரே குச்சி இரண்டு அலைவரிசைக்கும் உழைக்கும். உள்ளே ஒரு வடிகட்டி இரண்டையும் பிரித்து அனுப்பும். 2x2 என்று போட்டிருந்தால், அந்த ரேடியோ ஒரே சமயத்தில் இரண்டு ஆன்டெனா வழியாக இரண்டு தரவு ஓட்டங்களை அனுப்பும் என்று பொருள். ஒரு குச்சியைக் கழற்றி வைத்தால் வேகம் அடிபடும். எல்லாவற்றையும் இறுக்கமாகத் திருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.

அப்புறம், நிறுத்தும் விதம். குச்சியின் நுனியை அறைப் பக்கம் நீட்டி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். சிக்னல் குச்சியைச் சுற்றி வளையம் போலப் பரவும். நுனி காட்டும் திசையில்தான் மிகக் குறைவு. ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மேல் தளத்துக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள். அதிக டிபிஐ (சிக்னலை ஒரு பக்கம் குவிக்கும் திறனின் அளவு) கொண்ட ஆன்டெனா புதிதாக சக்தி எதையும் உண்டாக்காது; வளையத்தைத் தட்டையாக்கி தூரம் தள்ளும், மேலேயும் கீழேயும் குறையும். கூரையில் மாட்டும் வட்டப் பெட்டிக்குள் இருப்பவை கீழ்நோக்கிப் பரப்பவே வடிவமைத்தவை. அதைச் சுவரில் மாட்டினால் சிக்னலில் கணிசமான பகுதி வீண்.

சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரேடியோ பயன்படுத்தும் பாதை; இந்த விஷயம் எளிது. 2.4இல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5இல் நெரிசல் குறைவு என்றால் 80 வைக்கலாம். பெட்டிகள் பல இருந்தால் 40 அல்லது 20 போதும்.

கடைசியாக, ரேடியோ சிக்னல் அனுப்பும் சக்தி. முழு அளவில் வைப்பது பெரும்பாலும் பயன்படாது. பெட்டியின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் பதில் பெட்டிக்கு எட்டாது. 5ஐ நடுத்தரத்தில் வைத்து, 2.4ஐ அதைவிட 6 டெசிபல் அளவுக்குக் குறையுங்கள். அப்போது போன்கள் பெரும்பாலும் தாமாகவே 5ஐப் பிடிக்கும். பிறகு கடைக்கோடி அறையில் நின்று அளந்து பாருங்கள்: 5இல் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) அல்லது அதைவிட நன்றாக, அதாவது பூஜ்யத்துக்கு நெருக்கமாக, வந்தால் வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும்.