நார்வே தாத்தாவைத் தேடுவது எப்படி? லுத்தரன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் முதல் நாள்

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார். "என் தாத்தா. நார்வேயிலிருந்து கப்பலில் வந்தவர். வேறெதுவும் தெரியாது" என்றார். நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், டகோமாவுக்குப் பக்கத்தில். கொஞ்ச தூரத்தில் பார்க்லாந்தில் பசிபிக் லுத்தரன் பல்கலைக்கழகம் இருக்கிறது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம். முதல் தடவை என்பதால் நிறையத் தடுமாறினேன். உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் போய் ஏன் தாத்தாவைத் தேட வேண்டும்? 1825இல் 'ரெஸ்டவ்ராஷன்' என்ற சின்னக் கப்பலில் முதல் நார்வேக் கூட்டம் நியூயார்க் வந்து இறங்கியது. அடுத்த நூறு வருடங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேக்காரர்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். சுவீடனிலிருந்து வந்தவர்கள் இன்னும் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லுத்தர் வழி வந்த கிறிஸ்தவர்கள். போன இடமெல்லாம் முதலில் திருச்சபை கூடினார்கள், அப்புறம் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பார்க்லாந்துப் பள்ளி 1890இல் அப்படித் தொடங்கியதுதான். அதை நிறுவிய போதகர் பியுக் ஹார்ஸ்டாட், பள்ளிக் கடனை அடைக்க 1898இல் கனடாவின் க்ளொண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிப் போனார். வெறுங்கையோடுதான் திரும்பினார். இப்படிப்பட்ட பள்ளிகளில் சபைக் காகிதங்கள், கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் காலப்போக்கில் வந்து சேர்ந்தன.

படி 1: வீட்டிலேயே தொடங்குங்கள்

பழைய வேதாகமத்தின் முதல் பக்கம், கல்லறைக் கல், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ், இரங்கல் செய்தி என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தேட வேண்டியது ஒன்றே ஒன்று: தாய்நாட்டில் அவருடைய சபை வட்டாரம் அல்லது பண்ணையின் பெயர். 'நார்வே' என்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் நடக்காது. ஊர்ப் பெயர் தெரியாவிட்டால், அவர் அமெரிக்காவில் எந்தச் சபையில் இருந்தார் என்றாவது கண்டுபிடியுங்கள்.

படி 2: பெயரை நம்பாதீர்கள்

நான் அதிக நேரம் தொலைத்தது இங்கேதான். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரைத்தான் ஒட்டிக்கொண்டார்கள், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நார்வேயில் இதற்கு மேல் பண்ணைப் பெயர் ஒன்றும் உண்டு. அது குடும்பப் பெயரல்ல, முகவரி. பாக்கன் பண்ணையில் இருக்கும்வரை ஊலே ஆண்டர்சன் பாக்கன், ஹவ்கன் பண்ணைக்குக் குடிபோனால் அதே ஆள் ஊலே ஆண்டர்சன் ஹவ்கன். அமெரிக்காவுக்கு வந்ததும் அண்ணன் ஆண்டர்சன் என்றும் தம்பி ஹவ்கன் என்றும் பதிந்துகொள்வது சாதாரணம். நார்வேயில் நிலையான குடும்பப் பெயரைச் சட்டம் கட்டாயமாக்கியதே 1923இல்தான். அதனால் ஒரு தாளில் எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். பெயரைவிடப் பிறந்த தேதி நம்பகமானது.

படி 3: எந்தக் காப்பகம்?

பசிபிக் வடமேற்குப் பகுதியில் குடியேறியவர் என்றால் பார்க்லாந்து. மினசோட்டா பக்கத்து நார்வேக் குடும்பம் என்றால், நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரி வளாகத்தில் இருக்கும் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம். அது 1925இல் தொடங்கியது. சுவீடன்காரர் என்றால் இல்லினாயில், ராக் ஐலண்டில் உள்ள அகஸ்டானா கல்லூரியின் ஸ்வென்சன் மையம்.

சுவீடன் ஆட்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே போதகர் வீட்டாரை உட்காரவைத்து வாசிப்பையும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் (விசுவாசப் பாடங்களின் கேள்வி-பதில் நூல்) சோதித்து, குடும்பம் குடும்பமாகப் பதிவேட்டில் எழுதுவார். ஊர் விட்டுப் போகிறவருக்குச் சான்றிதழ் கொடுப்பார். அதை அமெரிக்கச் சபையில் காட்டினால், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று இங்கேயும் ஏறிவிடும். இதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

படி 4: உள்ளடக்க வழிகாட்டியைப் படியுங்கள்

காப்பகம் நூலகம் மாதிரி இல்லை. உங்கள் தாத்தா பெயரை அடித்தால் வரமாட்டார். ஒவ்வொரு தொகுப்புக்கும் எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்று ஒரு வழிகாட்டி இருக்கும். அதில் சபையின் பெயரையோ ஊரின் பெயரையோ தேடுங்கள். அப்புறம் காப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாலு வரி போதும்: பெயர் வடிவங்கள், தோராயமான வருடம், சபை, வேண்டிய பெட்டி எண். "என் குடும்ப வரலாறு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

படி 5: வாசிப்பறையில்

பேனா கூடாது, பென்சில்தான். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. காகித வரிசையைக் கலைக்காதீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய பதிவுகள் 'காத்திக்' என்ற பழங்காலக் கையெழுத்து முறையில் இருக்கும். முதல் பார்வைக்குக் கோழி கிளறிய மாதிரி தெரியும். தேதிகளும் ஊர்ப் பெயர்களும் மட்டும் பிடிபட்டால் போதும், மீதி மெல்ல வரும். ஒரு வேடிக்கை: ஆங்கிலத்தில் பரிசு என்று நாம் வாசிக்கும் 'கிஃப்ட்', அதே எழுத்துகளோடு நார்வே மொழியில் 'மணமானவர்'. அதற்கு விஷம் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

பார்க்லாந்தில் குடியேறிகளின் வாய்மொழிப் பேட்டிகளும் இருக்கின்றன, 1980களில் பதிவு செய்தவை. தட்டச்சுப் படியோடு நிறுத்தாமல், ஒலிப்பதிவைக் கேட்க வழியிருந்தால் கேளுங்கள். தட்டச்சு செய்தவர் ஊர்ப் பெயரைத் தவறாகக் கேட்டிருக்கலாம்.

படி 6: கடல் தாண்டுங்கள்

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டதா? இனி விமானம் ஏற வேண்டாம். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டலார்கிவெட்' இணையதளத்தில் 1865, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்குகளும் சபைப் பதிவேடுகளும் இலவசம். சுவீடன் தேசியக் காப்பகமும் பதிவேடுகளை இலவசமாகத் திறந்திருக்கிறது. நார்வே அகரவரிசையில் கூடுதலாக மூன்று உயிரெழுத்துகள் கடைசியில் வரும். அமெரிக்காவில் அவற்றைச் சாதாரண 'ஏ', 'ஓ' ஆக்கிவிட்டார்கள். அதனால் தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தொகுப்பு, பெட்டி, கோப்பு எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். நான் குறிக்கவில்லை. அடுத்த வாரம் அதே திடப்படுத்தல் பட்டியலுக்காக ஐந்து பெட்டிகளை மறுபடி இறக்கச் சொல்லி, காப்பாளர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.