டெத் மவுண்டனுக்குக் காலி மீட்டரோடு போகாதீர்கள்

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: எ லிங்க் டு தி பாஸ்ட்' என்ற வீடியோ கேம் ஜப்பானில் 1991 நவம்பரில் வெளிவந்தது. அப்போது சென்னையில் ஒரு வீட்டில் டிவி கேம் இருந்தால் அது பெரும்பாலும் பர்மா பஜாரில் வாங்கியதாக இருக்கும். அந்தக் கேசட்டுகளில் இந்த விளையாட்டு கிடையாது. பல வருடம் கழித்து ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சிடியில், எமுலேட்டரோடு (பழைய டிவி கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற புரோகிராம்) சேர்ந்துதான் எங்கள் கும்பலுக்கு இது வந்து சேர்ந்தது. 2019 செப்டம்பரில் நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் வந்துவிட்டது. அதனால் அக்கா பையன், ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண், எதிர் ஃபிளாட் தம்பி என்று சுற்றி இருக்கிற பலரும் இப்போது புதிதாக ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பித்து, அந்தக் காலத்தில் எங்கள் கும்பல் மொத்தமும் எங்கே மாட்டியதோ அங்கேயே மாட்டுகிறார்கள். அதுவும் மலையில்.

வாள் வீசுவது, புல் வெட்டி ரூப்பி (இங்கே அதுதான் காசு) சேர்ப்பது, பானையை உடைத்து ஹார்ட் (உயிர்) எடுப்பது எல்லாம் விளையாடும்போது தானாக வந்துவிடும். அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. இந்த விளையாட்டில் ஒரே நாடு வெளிச்ச உலகம், இருட்டு உலகம் என்று இரண்டு பிரதியாக இருக்கும். டெத் மவுண்டன் என்கிற மலையில், கடைசியில் வருகிற கேனன்ஸ் டவரை விட்டுவிட்டால், இரண்டு டன்ஜியன் (புதிரும் எதிரிகளும் நிறைந்த, முடிவில் பாஸ் என்கிற பெரிய எதிரி காத்திருக்கிற இடம்) இருக்கிறது: வெளிச்ச உலகத்தில் டவர் ஆஃப் ஹீரா, இருட்டு உலகத்தில் டர்ட்டில் ராக். இந்த இரண்டிலும் நேரத்தைத் தின்கிற தவறுகள் மட்டும் இங்கே.

குகையில் தாத்தாவை விட்டுவிட்டு ஓடுவது

மலைக்குப் போகிற இருட்டுக் குகையில் ஒரு பெரியவர் வழி தெரியாமல் நிற்பார். அவரைப் பத்திரமாக வீடு சேர்த்தால், இருட்டு உலகத்திலிருந்து வெளிச்ச உலகத்துக்குக் கொண்டுவிடுகிற மேஜிக் மிரர் தருவார். அந்தக் கண்ணாடி இல்லாமல் ஹீரா கோபுரத்தின் வாசலுக்கே போக முடியாது. அப்புறம் எப்போது அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினாலும் ஹார்ட்டை நிரப்பி அனுப்புவார். மலையில் அடிபட்டால் முதலில் அவரிடம் போங்கள்.

மூன் பேர்ல் எடுக்காமல் கோபுரத்தை விட்டு இறங்குவது

இறங்காதீர்கள். அந்த முத்து கையில் இல்லாவிட்டால் இருட்டு உலகத்தில் முயலாகத்தான் அலைவீர்கள்.

மோல்டார்மைத் துரத்துவது

கோபுரத்தின் உச்சியில் இருக்கிற புழு. வாலில் மட்டும்தான் அடி விழும்; வேறு எங்கே வெட்டினாலும் நம்மைத்தான் பின்னால் தள்ளும். தள்ளினால் விளிம்பு, விளிம்பைத் தாண்டினால் கீழ் மாடி. மறுபடி படியேறி வந்தால் அதன் உயிர் முழுசாக நிரம்பியிருக்கும். அதுவரை கொடுத்த அடி அத்தனையும் வீண்.

புதியவர்கள் வாலைக் கண்டதும் பின்னாலேயே ஓடுகிறார்கள். அது எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, திரும்பினால் தலை நேராக நெஞ்சில் இடிக்கும். நடுப்பக்கமாக நின்று, வால் நம்மைக் கடந்து போகும்போது ஒரே ஒரு வெட்டு, உடனே விலகல். இரண்டாவது வெட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள்தான் கீழே போகிறார்கள். உயிர் குறையக் குறைய அது வேகமாகும். கடைசி அடிக்கு அவசரப்பட்டு எதிர் ஃபிளாட் தம்பி விழுந்ததை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

காலி மீட்டரோடு டிரைனெக்ஸ் கதவைத் திறப்பது

டிரைனெக்ஸ்தான் டர்ட்டில் ராக்கின் பாஸ்; மீட்டர் என்பது மேஜிக் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற பச்சைக் கோடு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது கைவேகம் இல்லாததால் வருகிற தோல்வி இல்லை. டர்ட்டில் ராக்கின் முதல் அறையிலேயே தொடங்கி, ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நாமே சேர்த்து வைக்கிற தோல்வி.

டர்ட்டில் ராக் நாம் சேர்க்க வேண்டிய ஏழாவது கிரிஸ்டல் இருக்கிற இடம், இளவரசி செல்டா அடைபட்டிருப்பதும் அங்கேதான். அதனால் வருகிற எல்லோரும் ஹார்ட்டை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பச்சைக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மலைக்குள் செலவாவது அந்தப் பச்சைக் கோடுதான்.

எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். பள்ளத்துக்கு மேலே தண்டவாளம் மாதிரி ஒரு பாதை ஓடும். அதன் முனையில் கேள்விக்குறி போட்ட ஓடு இருக்கும். கேன் ஆஃப் சொமாரியா என்கிற மந்திரக் கோலால் அதன் மேல் ஒரு சிவப்புக் கட்டையை வைத்தால் அது மிதக்கும் பலகையாக மாறி நம்மை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு கட்டைக்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு போகும். ஓடு மேல் சரியாக விழாமல் பக்கத்தில் விழுந்தால் அந்தப் பங்கு வீண், மறுபடி வைக்க வேண்டும். அடுத்த பாதைக்கு இன்னொரு கட்டை. அதே பட்டனை மறுபடி அழுத்தினால் கட்டை வெடித்து நாலு பக்கமும் பாயும். அந்த வெடிப்புக்குச் செலவு இல்லை என்றாலும் கட்டைக்குக் கொடுத்தது போனதுதான்.

என் அக்கா பையனுக்கு அந்த வெடிப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரம்பூர் வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலியில் கட்டிய செயின் சாம்ப் என்கிற எதிரி பாய்ந்து வருகிறது. ஒதுங்கி நடந்தால் போதும், அது எட்டாது. இவன் நின்று கட்டை வைக்கிறான், வெடிக்கிறான், மறுபடி வைக்கிறான். இருட்டு அறைக்குள் போனதும் விளக்கை விடாமல் அழுத்துகிறான். விளக்கு நம்மிடம் இருந்தாலே முன்னால் வெளிச்சம் தானாக விழும், அதற்கு மேஜிக் போகாது. அழுத்தி நெருப்பு வரவழைத்தால் மட்டும்தான் போகும். பந்தம் எதுவும் இல்லாத இடத்தில் அழுத்துவதால் என்ன பயன்?

"மேஜிக்கைப் பாருடா" என்றேன்.

"பாஸ்கிட்ட போறதுக்குள்ள கிடைச்சிடும் மாமா."

கிடைக்கவில்லை. டிரைனெக்ஸ் முன்னால் போய் நின்றபோது இரண்டு ஷாட்டுக்கு இருந்தது. மூன்று தலை ஆமை. சிவப்புத் தலை நெருப்பு ஊதும், நீலத் தலை தரையைப் பனியாக்கும். சிவப்புக்குப் பனி வீசுகிற கோலான ஐஸ் ராட், நீலத்துக்கு நெருப்பு வீசுகிற ஃபயர் ராட். முதலில் அது படாமல் வேறு எதற்கும் அந்தத் தலைகள் மசியாது. முழு மீட்டருக்கு ராட் எட்டு முறை வேலை செய்யும், அவ்வளவுதான். அவனுடைய இரண்டில் ஒன்று குறி தவறிச் சுவரில் பட்டது. அப்புறம் ராடை ஆட்டுகிறான், ஆட்டுகிறான், ஒன்றும் வரவில்லை. பனித் தரையில் வழுக்கிக்கொண்டே செத்தான்.

செத்தால் சேவ் செய்துவிட்டுத் தொடரலாம், டன்ஜியன் வாசலில் நிறுத்தும். கொஞ்சம் ஹார்ட் தரும். மேஜிக் தராது. அதாவது மறுபடி கட்டை வைத்து, தண்டவாளத்தில் ஏறி, முன்பைவிடக் காலியாக அதே கதவுக்குப் போக வேண்டும். அவன் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தான். பாஸ் அறைக்குள் நுழைந்தவுடன் சேவ் ஸ்டேட் (அந்தக் கணத்தை அப்படியே பதிந்துவைப்பது) போட்டு, பழையதை அழித்திருந்தான். லோட் பண்ணுகிறான், அதே இரண்டு ஷாட். மறுபடி லோட், மறுபடி அதே இரண்டு. சாயங்காலம் வரை அப்படியே போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பையனுக்கு. அங்கே அவனுடைய விரல்களால் செய்ய ஏதும் இருக்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதைத் தவிர்க்க மலை ஏறுவதற்கு முன்னால் ககரிகோ கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு ஒரு நடை போக வேண்டும். ஒரே நடையில் இரண்டு வேலை முடியும்.

முதல் வேலை வவ்வால். பட்டறைக்குப் பக்கத்திலேயே முளை அடித்து அடைத்த ஒரு பள்ளம் இருக்கிறது. சுத்தியலால் முளையை இறக்கிவிட்டு உள்ளே குதித்து, அங்கே இருக்கிற பீடத்தில் மேஜிக் பவுடரைத் தூவுங்கள். வவ்வால் ஒன்று வந்து கோபமாகப் பேசி, உன் சக்தியைப் பாதியாக்குகிறேன் என்று சபிக்கும். பயப்பட வேண்டாம். பாதியாவது செலவு. அன்றிலிருந்து எட்டு ஷாட் கொடுத்த அதே மீட்டர் பதினாறு கொடுக்கும். ஆபீஸ் தோழி அந்தச் சாபத்தைக் கேட்டு, ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று சேவ் பண்ணாமல் ஆஃப் செய்துவிட்டாள். மொத்த விளையாட்டிலும் இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

இரண்டாவது வேலை வாள். இருட்டு உலகத்தில் தவளையாக நிற்கிற கொல்லனைக் கூட்டிவந்து அவன் கூட்டாளியிடம் சேர்த்தால், 10 ரூப்பிக்கு மாஸ்டர் வாளைத் தீட்டித் தருவார்கள். இதற்கும் மேஜிக்குக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. டிரைனெக்ஸ் தலையை ராடாலேயே கொல்ல வேண்டியதில்லை. எதிர் ராடால் ஒரு ஷாட் அடித்தால் அந்தத் தலை சற்று நேரம் அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் ஓடிப்போய் வாளால் வெட்ட வேண்டும். தீட்டிய வாளாக இருந்தால் ஒவ்வொரு வெட்டும் கனமாக விழும், ஷாட் மிச்சமாகும். புதியவர்கள் எல்லோரும் தூரத்தில் நின்று ராடையே ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஷாட், பாய்ந்து போய் வெட்டு, பின்வாங்கு. இந்த வரிசை பிடிபட்டால் ஒரு முழு மீட்டரே இரண்டு தலைக்கும் காணும். இரண்டும் போனபிறகு நடுத்தலை ஓட்டைக் கழற்றிவிட்டுப் பாம்பாகச் சுற்றி வரும். மின்னுகிற கணுவில் வாள் பட்டால் போதும், அங்கே மேஜிக்கே தேவையில்லை.

சரி, ஏற்கனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? பாஸ் கதவுக்கு முன்னால் நின்று மீட்டரைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் கதவைத் தொடாதீர்கள். மிரரை எடுங்கள், வாசலுக்குக் கொண்டுவிடும். திறந்த கதவு திறந்தபடியே இருக்கும், எடுத்த சாவியும் பெட்டியும் எங்கேயும் போகாது. வெளியே வந்து மறுபடி மிரர் போட்டால் வெளிச்ச உலகம். புல்லாங்குழலை ஊதிப் பறவையில் 2ஆம் எண்ணுக்குப் போங்கள், சூனியக்காரி கடை வாசலில் இறக்கிவிடும். அங்கே பச்சை மருந்து 60 ரூப்பி, மேஜிக்கை மட்டும் நிரப்பும். சிவப்பு 120, ஹார்ட்டுக்கு. நீலம் 160, இரண்டையும் நிரப்பும். நீலமே வாங்குங்கள், இருக்கிற காலி பாட்டில் எல்லாவற்றிலும். இந்தச் சுற்றுக்கு ஆகிற நேரம், அந்தப் பையன் அன்றைக்கு லோட் பண்ணிக்கொண்டே தொலைத்த மத்தியானத்தில் ஒரு துளிகூட இல்லை.

ஐஸ் ராடை மறப்பது

அது எந்த டன்ஜியனிலும் கிடைக்காது. ஹைலியா ஏரிக்குக் கிழக்கே, பாம் வைத்து உடைக்கிற சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அது இல்லாமலும் டர்ட்டில் ராக் கதவு திறக்கும், பாஸ் வரை வழியும் விடும். இந்த விளையாட்டில் எனக்கு நியாயமாகப் படாத ஒரே விஷயம் இது.

லேசர் பாலத்தில் பழைய கேடயத்தோடு நடப்பது

பெரிய பெட்டியில் மிரர் ஷீல்ட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் போங்கள்.

மலை விளிம்புக்கு வந்ததும் உடனே உள்ளே திரும்பிவிடுவது

டர்ட்டில் ராக்கின் நடுவில் சில கதவுகள் வெளியே, செங்குத்துச் சரிவில் இருக்கிற சின்னத் திட்டுகளுக்குத் திறக்கும். இறங்க வழி இல்லை என்று பார்த்ததும் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நின்று மிரரைப் போட்டுப் பாருங்கள். ஒரு திட்டிலிருந்து வெளிச்ச உலகத்தில் மிமிக் குகைக்குப் போகலாம். நாம் நடக்கிறபடியே நடக்கிற பொம்மைகள் அங்கே இருக்கும், அவற்றைத் தாண்டினால் ஹார்ட் துண்டு ஒன்று கிடைக்கும். வேறு எந்த வழியிலும் அந்தக் குகைக்குப் போக முடியாது.

ஒரே சேவ் ஸ்டேட்

இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டன்ஜியன் வாசலில், மீட்டர் நிரம்பியிருக்கும்போது போட்டது. பாஸ் விழும்வரை அதன் மேல் எதையும் எழுதாதீர்கள்.