நகரத்து வீட்டில் விசுவாசத்தை வளர்ப்பது: கத்தோலிக்கப் பெற்றோருக்குச் சில வழிகள்

தூத்துக்குடிக் கடற்கரையோர ஊர் ஒன்றில் வளர்ந்த எனக்கு, விசுவாசத்தை யாரும் தனியே உட்காரவைத்துக் கற்றுத்தந்ததாக நினைவில்லை. விடியலிலும் நண்பகலிலும் அந்தி நேரத்திலும் கோயில் மணி அடித்ததும் அம்மா கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு மூவேளைச் செபம் சொல்வார். அக்டோபர் மாதம் முழுவதும் தெருவுக்குத் தெரு செபமாலைச் சத்தம் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலிருந்து ஒரு படகும் கடலில் இறங்காது. முந்தைய நாள் வலையில் ஒன்றும் விழாமல் வெறுங்கையோடு திரும்பியவரும், வட்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அன்று கரையில்தான் இருப்பார்கள். என் தாத்தா திருப்பலி என்னும் பூசை முடிந்து வந்து வேப்பமரத்து நிழலில் வலை பின்னும் ஊசியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வருமானத்தைக் கடவுளுக்காக விட்டுக்கொடுக்கும் மனிதரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கடவுள் இருக்கிறாரா என்பதைவிட அவருக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்பது முதலில் புரிந்துவிடுகிறது.

என் பிள்ளைகள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள். மணி ஓசை அங்கே எட்டாது. ஊர் செய்த வேலையை இங்கே வீடு செய்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று இருபது ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதையும், பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு விசுவாசம் கற்பிக்கும் மறைக்கல்வி ஆசிரியராக இருந்து மற்ற குடும்பங்களில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மதச்சார்பற்ற அரசு நமக்குப் பகையல்ல. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் சமய உரிமையும், 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் கல்வி நிறுவன உரிமையும் நமக்குப் பாதுகாப்பானவை. பிள்ளைகளிடம் அவற்றை மதிப்போடு பேசுங்கள். நான் அஞ்சுவது, மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் வீட்டின் சதுர அடியையும் வைத்தே மனிதரை அளக்கும் வாழ்க்கை முறையை. வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்க வீட்டிலும் அது சத்தமில்லாமல் குடியேறிவிடும்.

முதல் ஆசிரியர் நீங்கள்தான்

திருமுழுக்கு நாளில் குருவானவர் பெற்றோரிடம், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். உணர்ந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் கோயிலின் பெரிய பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு வருகிறோம். பிறகு அந்தப் பொறுப்பை மறைக்கல்வி வகுப்பிடமும், கத்தோலிக்கப் பள்ளியிடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதி அடைகிறோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடக்கும் வகுப்பு ஒரு மணி நேரம். தேர்வுக்கால விடுமுறை, கோடை விடுமுறை, திருவிழாக்கள் போக ஆண்டுக்கு முப்பது, நாற்பது மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் செபங்களையும் திருமுழுக்கு முதலான அருள்சாதனங்களின் பெயர்களையும் நான் சொல்லித்தரலாம். மன்னிப்பது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை உங்கள் வீட்டுச் சமையலறையில்தான் பார்க்கும். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததும், மறு ஆண்டே பெற்றோரைப் பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று சொன்னதும் வெறும் புகழ்ச்சி வார்த்தைகள் அல்ல.

ஆகவே பிள்ளையிடம் தொடங்குமுன் கணவனும் மனைவியும் ஓர் இரவு உட்கார்ந்து பேசுங்கள். இந்த வீட்டில் எதை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று இரண்டே இரண்டு காரியங்களை முடிவு செய்யுங்கள். பத்துத் தீர்மானங்கள் எடுத்தவர்கள் பத்தையும் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அவை ஞாயிறு திருப்பலியும் இரவு செபமும்.

ஞாயிற்றுக்கிழமை

நகரத்தில் பிள்ளைகளின் விசுவாசம் பெரும்பாலும் ஒரு வாதத்தில் தோற்பதில்லை; ஒரு கால அட்டவணையில் தோற்கிறது. எட்டாம் வகுப்பு வரை திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாக நின்ற பையன், ஒன்பதாம் வகுப்பில் நீட் அல்லது ஜே.இ.இ. பயிற்சிக்குச் சேர்ந்ததும் ஞாயிறு காலைத் தேர்வுக்காகக் காணாமல் போகிறான். 'சில வருஷம்தானே, முடிந்ததும் வருவான்' என்று பெற்றோர் என்னிடம் சொல்வார்கள். அவன் புரிந்துகொள்வதோ வேறு: முக்கியமான ஒன்று குறுக்கே வந்தால் கடவுள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவுமே சொல்லிவிட்டார்கள்.

படிப்பை விடச் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஞாயிறு தேர்வு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, வேறு நாள் குழு இருக்கிறதா என்று சேர்க்கை நேரத்திலேயே விசாரித்தால் பல இடங்களில் வழி கிடைக்கும், பணம் கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது. என் மகளுக்கு நாங்கள் சேர்த்த பயிற்சி மையத்தில் காலை எட்டரைக்குத் தேர்வு. ஆகவே இரண்டு ஆண்டுகள் எங்கள் குடும்பம் முழுவதும் ஆறு மணித் திருப்பலிக்குப் போனோம். அவளை மட்டும் அனுப்பிவிட்டு நாங்கள் வசதியான நேரத்துக்குப் போயிருந்தால் அது அவளுக்குச் சுமையாகியிருக்கும். காலைத் திருப்பலிக்கு வழியே இல்லையென்றால் சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பதைத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது.

திருப்பலி முடிந்தவுடன் ஞாயிறும் முடிந்துவிட்டதுபோல் நடந்துகொள்ளாதீர்கள். அன்று மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது, அலுவலக மடிக்கணினியைத் திறக்காமல் இருப்பது, நோயாளியாக இருக்கும் உறவினரைப் பார்க்கப் போவது ஆகியவையும் அந்நாளைச் சேர்ந்தவை. சிறு பிள்ளைகளைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்காரவைத்து அலைபேசியைக் கையில் கொடுக்காமல், பீடம் தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள். அவர்கள் நெளிவார்கள், கேள்வி கேட்பார்கள், சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இரவு செபம்

இது நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே பல வீடுகளில் செபத்தை நிறுத்திவிட்டது. பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதிகள் கொண்ட செபமாலைக்கு இருபது நிமிடம் ஆகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். பத்து மணிகள் கொண்ட ஒரே ஒரு பகுதியோடு தொடங்குங்கள். யார் முன்னதாகச் சொல்வது என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். என் மகனுக்கு ஆறு வயதானபோது 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்பதை எண்ணிக்கை தவறிப் பதின்மூன்று முறை சொல்வான், யாரும் திருத்தவில்லை. பாதியில் அம்மாச்சியின் மடியில் தூங்கிப்போவதும் உண்டு. தூங்கும் பிள்ளையின் காதிலும் செபம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்பார் அம்மாச்சி.

செபமாலைக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று நடந்தவற்றில் எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு என்று ஒவ்வொருவரும் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். முதலில் பேச வேண்டியவர் தந்தை. 'இன்று காலை கோபத்தில் உன்னிடம் கத்திவிட்டேன், அது தவறு' என்று அப்பா பிள்ளைகள் முன் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும்; முதல் வாரம் என் கணவருக்குச் சொல்லவே முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருள்சாதனத்தைப் பிள்ளைகளுக்கு நான் தனியாக விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போ என்று பிள்ளையைத் தள்ளிவிட்டு வெளியே நிற்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்களும் அதே வரிசையில் நில்லுங்கள்.

திருவழிபாட்டு ஆண்டை வீட்டுக்குள் கொண்டுவருதல்

கடைத்தெரு தன் பண்டிகைகளைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கற்பிக்கிறது. நாமும் நம்முடைய காலங்களைக் கற்பிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுங்கள். குடிலைக் கடையில் வாங்காமல், வைக்கோலும் அட்டையும் கொண்டு பிள்ளைகளையே கட்டவிட்டு, குழந்தை இயேசுவின் சொரூபத்தை டிசம்பர் 24-ஆம் தேதி இரவுதான் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த வெறும் தொட்டியைப் பார்த்துக் காத்திருப்பதில்தான் அக்காலத்தின் பொருள் இருக்கிறது.

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் நம் முன்னோர் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்று சொன்னவற்றைப் பிள்ளைகளின் வயதுக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். இறைச்சி தவிர்க்கும் கடமை பதினான்கு வயதிலும், நோன்புக் கடமை பதினெட்டு வயதிலும்தான் தொடங்குகிறது. அதற்கு முன், தான் விரும்பும் தின்பண்டத்தை விட்டு அந்தக் காசை உண்டியலில் போடுவது போதும். அந்த உண்டியல் யாருக்குப் போகிறது என்பதை மட்டும் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் உதவும் ஒரு வீட்டுக்கு அரிசிப் பையைப் பிள்ளையே தூக்கிக்கொண்டு உங்களோடு வரட்டும்.

பிள்ளை நற்கருணை அப்பத்தை முதன்முறை வாங்கும் புதுநன்மை விழாவைப் பற்றி ஒரு வருத்தம். மண்டபம், நிழற்படக்காரர், திருமண விருந்துக்கு நிகரான சாப்பாடு என்று அது வளர்ந்துவிட்டது. அன்று நற்கருணை வாங்கிய பிள்ளையிடம் மாலையில் 'என்ன பரிசு வந்தது' என்று கேட்காதவர்கள் குறைவு. எளிமையாக நடத்துங்கள்; உறவினர் குறை சொன்னால் தாங்கிக்கொள்ளுங்கள்.

சாதி என்னும் உலகியல்

உலகப் போக்கு என்றவுடன் அலைபேசியையும் திரைப்படத்தையும் நினைக்கிறோம். நம் வீட்டு வரவேற்பறையிலேயே இருக்கும் சாதியை நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை இருந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பதினைந்து வயதில் அதைக் கேட்பார்கள். 'பந்தியில் எல்லாரும் சமம் என்று சொல்லித்தந்தீர்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் ஏன் வேறு பேச்சு?' என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டபோது, பாடநூலில் எனக்குப் பதில் இல்லை. அவளுடைய பெற்றோரிடம்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புனித தேவசகாயத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றி, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் அவர். 1752-இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டைத் திருச்சபை விலக்கியது. இதைச் சொன்ன வாயால் பக்கத்து வீட்டுக்காரர் 'எந்த ஆட்கள்' என்று விசாரித்தால், பிள்ளை நினைவில் வைத்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

அண்டை வீட்டார் தரும் பொங்கலையும், ரம்ஜான் நாளில் வரும் பிரியாணியையும் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தைப் பிள்ளைகள் கையால் கொடுத்தனுப்புங்கள். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-லேயே அறிவித்திருக்கிறது. தன் விசுவாசம் எது என்று அறிந்த பிள்ளைக்குப் பிறருடைய விசுவாசத்தைக் கண்டு பயம் வருவதில்லை.

அலைபேசிக்கு எங்கள் வீட்டில் ஒரே விதி: இரவு செபத்துக்கு முன் பெரியவர்களுடையது உட்பட எல்லாம் கூடத்து அலமாரிக்குப் போகும். இணையத்தை முழுக்கத் தீமையாகச் சித்திரிக்க வேண்டாம்; 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்கூத்திஸ், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர்; 2025 செப்டம்பரில் புனிதரானார். உடலைப் பற்றியும் காதலைப் பற்றியும் பிள்ளைகள் திரையில் கற்குமுன் நீங்கள் பேசிவிடுங்கள். பாவம் என்ற சொல்லில் தொடங்காமல், கடவுள் தந்த கொடை என்ற சொல்லில் தொடங்குங்கள்.

வரமாட்டேன் என்று சொல்லும் நாள்

பெரும்பாலான வீடுகளில் அது வரும். என் மகன் பதினாறு வயதில், ஒரு ஞாயிறு காலை போர்வையை விலக்காமலே 'எனக்கு நம்பிக்கை இல்லை, நடிக்கவும் பிடிக்கவில்லை' என்றான். நான் அழுதேன், திட்டினேன், அவன் அப்பாவைத் தூண்டிவிட்டேன். மூன்றும் தவறு. கேள்வியைக் குற்றமாக நடத்தியதால் அடுத்த ஆறு மாதம் அவன் என்னிடம் எதையும் பேசவில்லை.

இப்போது பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான். முதலில் கேளுங்கள்; அவன் சொல்வதில் பாதி, கோயிலில் கண்ட பணப்பேச்சின் மீதோ உங்கள் நடத்தையின் மீதோ உள்ள கோபமாக இருக்கும், அதில் நியாயமும் இருக்கும். பதில் தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, அவன் மதிக்கும் ஓர் அருள்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ அழைத்துப் போங்கள். வீட்டு வழக்கத்தை அவனுக்காக நிறுத்த வேண்டாம். செப நேரத்தில் அவன் உட்காராவிட்டாலும் அவனுக்காகச் செபிப்பது அவன் காதில் விழட்டும், ஆனால் குத்திக்காட்டும் தொனியில் வேண்டாம். தேர்வுக்கும் பயணத்துக்கும் புறப்படும்போது நெற்றியில் சிலுவை வரையும் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள். என் மகன் அதற்கு ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை.

கல்லூரி விடுதிக்கு அனுப்பும்போது, அருகிலுள்ள பங்குக் கோயில் எங்கே, திருப்பலி நேரம் என்ன, எந்தப் பேருந்து போகும் என்பதை ஒரு தாளில் எழுதிச் செபமாலையோடு பெட்டியில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் 'பூசைக்குப் போனாயா?' என்று விசாரணை நடத்தாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். நீங்கள் அன்று எத்தனை மணித் திருப்பலிக்குப் போனீர்கள், பிரசங்கத்தில் எது மனத்தில் தங்கியது, கோயிலில் அவனை விசாரித்த பாட்டி யார் என்பதைச் சொல்லுங்கள். அவனுடைய பதிலுக்குக் காத்திருங்கள்.